சிச்சேன் இட்சாவுக்கு ஒரு நாள் பயணம்: பெரிய பஸ்ஸா, சொந்தக் காரா? வழிகாட்டி தேவையா?

மலைச்சாரல்

வணக்கம். டிசம்பர் கடைசி வாரம் குடும்பத்தோடு மெக்சிகோவின் கான்குனில் தங்கப்போகிறோம். அப்பாவுக்கு 71 வயது, முழங்கால் வலி உண்டு. மகளுக்கு 10 வயது. கடற்கரையில் யாருக்கும் பெரிய ஆர்வமில்லை; பெரிய பிரமிடு நிற்கிற பழைய மாயா நகரமான சிச்சேன் இட்சாவைப் பார்த்துவிட வேண்டும் என்று அப்பாதான் பிடிவாதமாக இருக்கிறார்.

இணையத்தில் ஒரு பஸ் பயணம் கண்ணில் பட்டது. காலையில் ஓட்டலிலேயே வந்து ஏற்றிக்கொள்கிறார்கள். இடிபாடுகள், செனோட்டேவில் (பாறை உள்வாங்கி உண்டான இயற்கைக் கிணறு) குளியல், மதிய உணவு, வயாதோலிட் நகரில் ஒரு நடை, இரவு திரும்புதல். விலையும் குறைவு. இதில் போகலாமா, வாடகைக் கார் எடுத்து நாங்களே போய்விடலாமா? விசா விவரமும் யாராவது சொல்லுங்கள். எல்லோரிடமும் அமெரிக்க விசா இருக்கிறது.

உப்பங்காற்று

விசாவை முதலில் முடித்துவிடுவோம். செல்லுபடியாகும் அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் இருந்தால் இந்தியர்களுக்கு மெக்சிகோ விசா தனியாகத் தேவையில்லை. ஆனால் முத்திரையிலுள்ள தேதி கடந்திருக்கக் கூடாது. அமெரிக்காவில் தங்குவதற்கான நீட்டிப்புத் தாள் கையில் இருக்கிறது என்பதெல்லாம் விமான நிறுவனத்தின் கவுண்டரில் எடுபடாது. எல்லோருடைய முத்திரையையும் இன்றே எடுத்துப் பாருங்கள்.

இனி பஸ். பட்டியலில் எத்தனை இடங்கள் என்பதை விடுங்கள். இடிபாடுகளுக்குள் எவ்வளவு நேரம் தருவார்கள் என்று மட்டும் எழுதிக் கேளுங்கள். கான்குனிலிருந்து சிச்சேன் இட்சா ஏறக்குறைய 200 கிலோமீட்டர். நேராகப் போனால் இரண்டரை மணி நேரம். ஆனால் பஸ் ஓட்டல் ஓட்டலாக நின்று ஆளேற்றும். பிறகு ஒரு 'கைவினைக் கூடத்தில்' நிற்கும். உங்கள் பிறந்த நாளை மாயா எழுத்தில் பொறித்த வெள்ளித் தகடு அங்கே கிடைக்கும். கருங்கண்ணாடிக் கல்லை நீட்டி, இதன் வழியாகச் சூரியனைப் பாருங்கள் என்பார்கள். அதற்கப்புறம் சாப்பாடு, தலையில் தட்டும் அதன்மேல் பாட்டிலும் வைத்துக்கொண்டு ஆடும் ஹரானா நடனம். ஏறும்போது உங்களைப் படம் எடுத்திருப்பார்கள் அல்லவா? இறங்கும்போது அந்தப் படம் டெக்கீலா பாட்டிலின் மேல் ஒட்டப்பட்டு விற்பனைக்கு வரும். இவ்வளவும் முடிந்து பிரமிடின் முன்னால் நிற்கும்போது உச்சி வெயில். வழிகாட்டிக்கு முக்கால் மணி, உங்களுக்கு அரை மணி. நான் போன பஸ்ஸில் இப்படித்தான் நடந்தது. விலை ஏன் குறைவு என்பதும் அப்போதுதான் விளங்கியது: நுழைவுக் கட்டணம் அதில் அடக்கமில்லை, பஸ்ஸுக்குள்ளேயே ரொக்கமாக வசூலித்தார்கள்.

தேர்முட்டி

உப்பங்காற்று சொல்வது உண்மைதான். ஆனாலும் பஸ் பக்கம் ஒரு வார்த்தை பேச ஆள் வேண்டும். 71 வயது அப்பாவோடு போகிறவருக்குக் குளிரூட்டிய பஸ், கழிப்பறை, வழியில் சாப்பாடு, இரவில் தூங்கிக்கொண்டே திரும்புவது எல்லாம் சின்ன வசதிகள் இல்லை. காரை எடுத்தால் சுங்கச்சாலைக் கட்டணம் கணிசமாக வரும். அதை மிச்சம் பிடிக்கலாம் என்று பழைய சாலையில் இறங்கினால் ஊருக்கு ஊர் வேகத்தடை. அறிவிப்புப் பலகை இல்லாத வேகத்தடைகளும் உண்டு. இருட்டிய பிறகு அந்தச் சாலை எனக்குப் பிடிக்கவில்லை.

பெரிய பஸ்தான் தலைவலி என்றால், பன்னிரண்டு பதினைந்து பேர் போகும் வேன்கள் இருக்கின்றன. விடியுமுன் கிளம்பி, கடையில் நிற்காமல், கதவு திறக்கும்போதே உள்ளே விட்டுவிடுவார்கள். விலை கூடுதல். கொடுக்கலாம்.

உப்பங்காற்று

வேன் என்றால் நானும் ஒத்துக்கொள்கிறேன். ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. கான்குன் இருக்கும் கின்டனா ரோ மாநிலமும் சிச்சேன் இட்சா இருக்கும் யுகட்டான் மாநிலமும் வேறு வேறு நேரம். யுகட்டான் ஒரு மணி பின்னால். கான்குனில் ஆறு மணிக்குக் கிளம்பினால் அங்கே எட்டரை ஆகும்போது யுகட்டானில் ஏழரைதான். கதவு திறப்பது எட்டுக்கு. திரும்பும்போது அந்த ஒரு மணி நேரத்தை இழப்போம். எல்லைக்கு அருகே கைப்பேசி இரண்டு நேரத்தையும் மாற்றி மாற்றிக் காட்டும். பஸ் எத்தனை மணிக்குப் புறப்படும் என்று கேட்கும்போது எந்த ஊர் மணி என்றும் கேட்டுவிடுங்கள்.

நெய்தல்நிலா

பெரிய பஸ்ஸிலேயே போய்வந்த குடும்பம் எங்களுடையது. உயிரோடுதான் இருக்கிறோம். 😊 கொஞ்சம் உபயோகமானதைச் சொல்கிறேன்.

மலைச்சாரல், அப்பாவின் முழங்காலைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பிரமிடில் ஏற இப்போது யாரையும் விடுவதில்லை. சுற்றிலும் கயிறு கட்டியிருக்கிறார்கள். இடம் பெரும்பாலும் சமதளம்தான். புல், மண், சரளை. நிழல்தான் இல்லை. நடுத்திடலில் நின்றால் தலைக்கு மேல் வெறும் வானம். குடை கொண்டுபோங்கள். குடை பிடிக்கக் கூச்சப்படுகிற வெள்ளைக்காரர்கள் பத்து மணிக்கெல்லாம் நம்மைப் பொறாமையோடு பார்ப்பார்கள்.

செனோட்டேவில் இறங்குவதற்கு முன் ஷவரில் குளிக்கச் சொல்வார்கள். உடம்பில் சன்ஸ்கிரீன் இருக்கக் கூடாது. தண்ணீர் கெட்டுவிடும் என்பதால் அந்த விதி. உயிர்காப்பு உடை தருவார்கள். அப்பாவுக்கு அங்கேதான் படிக்கட்டு. பாறையைக் குடைந்து இறங்குகிற படிகள் எப்போதும் ஈரமாக இருக்கும். மேலே இருந்தே எட்டிப் பார்க்கலாம், நன்றாகத் தெரியும்.

பழஞ்சுவடி

பஸ், வேன் விவகாரம் முடிந்திருந்தால் வழிகாட்டி விவகாரத்துக்கு வருகிறேன். தலைப்பில் இருக்கிற இந்தக் கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

வழிகாட்டி தேவை. ஆனால் அவர் சொல்வதையெல்லாம் நம்ப வேண்டியதில்லை.

பந்தாட்டக் களத்திலிருந்து தொடங்குவோம். 168 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம்; மாயா உலகின் களங்களில் மிகப் பெரியது இதுதான். சுவரில் உயரத்தில் கல் வளையம் பதித்திருக்கிறார்கள். கெட்டியான ரப்பர் பந்து. இடுப்பால் தட்டி ஆட வேண்டும். சுவரின் அடிப்பகுதியில் புடைப்புச் சிற்பம்: ஒருவர் மண்டியிட்டிருக்கிறார், தலையில்லை, கழுத்திலிருந்து பீறிடும் குருதி பாம்புகளாக நெளிகிறது. எதிரே நிற்பவரின் ஒரு கையில் கத்தி, மறு கையில் அந்தத் தலை. இங்கே வழிகாட்டி குரலைத் தாழ்த்திச் சொல்வார்: 'வென்ற அணியின் தலைவரைத்தான் பலி கொடுத்தார்கள், அது அவர்களுக்குப் பெருமை.' கூட்டம் மூச்சை இழுக்கும். ஆனால் சிற்பத்தில் இருப்பது தலை வெட்டப்பட்ட ஆட்டக்காரர் ஒருவர் என்பது மட்டுமே. அவர் வென்றவரா தோற்றவரா என்று கல் சொல்லவில்லை.

அடுத்தது புனிதக் கிணறு. 'அழகான கன்னிப் பெண்களைத் தள்ளினார்கள்' என்பது நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கும் கதை. எட்வர்ட் தாம்சன் என்ற அமெரிக்கர், யுகட்டானில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக (கன்சல்) இருந்தவர், 1904 முதல் அந்தக் கிணற்றைத் தூர்வாரினார். தங்கம், ஜேட், எலும்புகள் வந்தன. பெரும்பகுதி ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பீபடி அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. எலும்புகளை ஆராய்ந்தபோது அவற்றில் ஆண்கள், பெண்கள், குழந்தைகள் எல்லோரும் இருந்தார்கள். அதைவிடத் திடுக்கிட வைப்பது 2024இல் வந்த மரபணு ஆய்வு. கிணற்றுக்கு அருகே 1967இல் ஒரு நிலத்தடித் தொட்டி கண்டுபிடிக்கப்பட்டது. அதில் நூறு குழந்தைகளுக்கு மேல் புதைக்கப்பட்டிருந்தார்கள். ஆராய்ந்த 64 பேரும் சிறுவர்கள். அவர்களில் இரண்டு ஜோடி ஒத்த இரட்டையர்கள். பலர் ஒருவருக்கொருவர் நெருங்கிய உறவினர். மாயா புராணத்தில் இரட்டைச் சகோதரர்கள் பாதாளத்துக்கு இறங்கிப் பந்தாடுகிற கதை இருக்கிறது. அதோடு இதைச் சேர்த்து யோசித்துப் பாருங்கள். கன்னிப் பெண் கதையெல்லாம் இதன் முன்னால் சப்பென்று போய்விடும்.

'மாயா மக்கள் மர்மமாக மறைந்துபோனார்கள்' என்பதும் கேட்கும். இதைச் சொல்கிற வழிகாட்டியின் தாய்மொழியே மாயாவாக இருக்கலாம். சொன்ன அதே ஆய்வு, அந்தச் சிறுவர்களின் மரபணுத் தொடர்ச்சி இன்று யுகட்டானில் ஒரு கிராமத்தில் வாழ்கிறவர்களிடம் இருப்பதையும் காட்டியது. மாயா நாட்காட்டியை வைத்துக் கிளப்பிய, 2012இல் உலகம் அழியும் என்ற கூத்தைப் பற்றி எழுதி யார் நேரத்தையும் வீணாக்கப் போவதில்லை.

கல்நார்

பழஞ்சுவடி ஐயா, நீங்கள் சொன்னதில் தவறில்லை. ஆனால் உங்களோடு சுற்றுலா போனால் என் பிள்ளைகள் பாதி வழியில் இறங்கிவிடுவார்கள். :) இத்தனையும் புத்தகத்திலேயே கிடைக்கும்போது வழிகாட்டி எதற்கு?

எங்களுக்குக் கிடைத்தவர் பக்கத்து ஊரான பிஸ்தேவைச் சேர்ந்த பெரியவர். வாசலிலேயே அமர்த்தினோம். அங்கே அடையாள அட்டையோடு இருக்கிற வழிகாட்டிகள் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவதில்லை, குழுவுக்கு இவ்வளவு என்று பேசுகிறார்கள். வரிசையில் பின்னால் நின்ற ஒரு கனடியத் தம்பதியையும் சேர்த்துக்கொண்டதில் செலவு பாதியானது. அந்தப் பெரியவர் என் மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, குச்சியால் மண்ணில் ஒரு புள்ளி வைத்தார். ஒன்று. நான்கு புள்ளி வரை போனார். ஐந்துக்கு ஒரு கோடு. மூன்று கோடும் நான்கு புள்ளியும் பத்தொன்பது. 'இனி இருபதுக்கு என்ன செய்வாய்?' என்றார். பையன் நான்கு கோடு போட்டான். அவர் சிரித்துக்கொண்டே அதை அழித்துவிட்டு, கீழே ஒரு சிப்பி, அதற்கு மேலே ஒரு புள்ளி வரைந்தார். சிப்பிதான் சுழியம். மேல்வரிசைப் புள்ளிக்கு இருபது மதிப்பு, அதற்கும் மேலே போனால் நானூறு. பையனுக்கு இடமதிப்பு என்றால் என்னவென்று பள்ளிக்கூடத்தில் புரிந்ததைவிட அங்கே நன்றாகப் புரிந்தது.

போகிற வழியில் ஒரு மரத்தைத் தட்டிக் காட்டினார். பட்டையெங்கும் குறுக்கும் நெடுக்குமாகப் பழைய வெட்டுத் தழும்புகள். நம் சப்போட்டாதான்! அதன் பாலிலிருந்துதான் ஒரு காலத்தில் சூயிங்கம் செய்தார்கள். மாயா கோயில்களின் வாசல் உத்திரங்களும் இந்த மரம்தான். ஆயிரம் ஆண்டு தாண்டியும் உளுக்காமல் நிற்பவை இருக்கின்றன. வீட்டுக் கொல்லையில் வௌவால் தின்று போடுகிற பழத்துக்கு இப்படி ஒரு சொந்த ஊர் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

பழஞ்சுவடி

கல்நார், அப்படி ஒருவர் கிடைத்தால் நான் வாயை மூடிக்கொண்டு பின்னால் வருவேன். என் சண்டை அவரோடு இல்லை. ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு ஐம்பது பேருக்கு ஒரே கதையை இரண்டு மொழிகளில் மாற்றி மாற்றிச் சொல்கிறவரோடுதான்.

தேர்முட்டி

கைதட்டலை யாரும் சொல்லவில்லையே! பிரமிடின் வடக்குப் படிக்கட்டுக்கு எதிரே நின்று ஒரு தட்டு தட்டினால், எதிரொலி கீச்சென்று பறவைக் குரலாகத் திரும்பி வருகிறது. கெட்சல் பறவையின் குரல் என்பார்கள். ஒவ்வொரு படியிலும் பட்டுத் திரும்புகிற ஒலி சிறிது சிறிதாகத் தாமதித்து வருவதால் உண்டாகிற விளைவு. கட்டியவர்கள் வேண்டுமென்றே செய்தார்களா என்பதற்குச் சான்று கிடையாது (பழஞ்சுவடி கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட்டேன்). எட்டரை மணிக்குத் தட்டிப் பார்த்துவிடுங்கள். பத்துக்கு மேல் நாலு குழு ஒரே நேரத்தில் தட்டிக்கொண்டிருக்கும்.

வெயில்பந்தல்

எல்லோரும் நாசூக்காக விட்டுவிட்ட ஒன்றை நான் சொல்கிறேன். உள்ளே கடைகள்! நுழைந்ததிலிருந்து பாதையின் இரு பக்கமும் முகமூடி, போர்வை, பிரமிடு பொம்மை. ஒரு ஊதலை வைத்துக்கொண்டு சிறுத்தை உறுமுவதுபோல ஊதித் தள்ளுகிறார்கள். உலகப் பாரம்பரியச் சின்னம் என்று 1988இல் யுனெஸ்கோ அறிவித்த இடத்துக்குள் சந்தை போட எப்படி அனுமதிக்கிறார்கள்? அமைதியாக நின்று எதையும் பார்க்க முடியவில்லை.

ஆற்றுவாளை

வெயில்பந்தல், எனக்கும் அந்த உறுமல் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு அந்த நிலத்தின் கதையைப் படித்தேன். தூர்வாரியதாக மேலே சொன்ன தாம்சன், இடிபாடுகள் இருந்த பண்ணையையே சேர்த்து 1894இல் விலைக்கு வாங்கியவர். அதன்பின் உள்ளூர்ப் பணக்காரக் குடும்பம் ஒன்றின் கைக்குப் போயிற்று. கட்டடங்கள் நாட்டுடையவை, அவை நிற்கிற மண் மட்டும் தனியாருடையது என்ற விசித்திர நிலை 2010 வரை நீடித்தது. அந்த ஆண்டுதான் யுகட்டான் மாநில அரசு நிலத்தை வாங்கியது. இன்றும் வாசலில் மாநிலத்துக்கு ஒரு டிக்கெட், மத்தியத் தொல்லியல் நிறுவனத்துக்கு ஒரு டிக்கெட் என்று இரண்டு வாங்க வேண்டியிருக்கிறது. வெளிநாட்டவருக்கு இரண்டும் சேர்ந்து 600 பெசோவுக்கு மேல்.

ஊதல் விற்கிறவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டக் கிராமங்களின் மாயா மக்கள். முன்னோர் கட்டிய கோயிலைப் பார்க்க நாம் கட்டுகிற பணம் ஓட்டலுக்கும் பஸ்ஸுக்கும் அரசுக்கும் போகிறது. அவர்களுக்கு நேராகக் கிடைப்பது அந்த முகமூடி விலைதான். பேரம் பேசுங்கள், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடங்கள். அவர்கள் அங்கே இருக்கவே கூடாது என்று சொல்ல நமக்கு என்ன பாத்தியதை?

வெயில்பந்தல்

இருக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாசலுக்கு வெளியே ஒரு நல்ல சந்தை கட்டிக்கொடுக்கலாமே என்கிறேன். சிற்பத்துக்கு முன்னால் போர்வை தொங்கினால் அது சிற்பத்துக்கும் மரியாதை இல்லை, போர்வை நெய்தவருக்கும் மரியாதை இல்லை.

ஆற்றுவாளை

பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வாசலுக்கு ஓடுகிற கூட்டம் வெளியே எத்தனை நிமிடம் நிற்கும்? வழியில் கைவினைக் கூடம் வைத்திருப்பவர் அதற்குள் பணப்பையைக் காலி செய்திருப்பார். இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை, விடுங்கள்.

நெய்தல்நிலா

சண்டை ஓயட்டும், சாப்பாட்டுக்கு வருகிறேன். சைவமென்றால் பஸ் நிறுவனத்தின் பஃபேயில் சோறும் பீன்ஸும் இருக்கும். பீன்ஸில் பன்றிக் கொழுப்பும், சோற்றில் கோழிச் சாறும் சேர்ப்பது அங்கே வழக்கம் என்பதால் கேட்டுவிட்டு எடுங்கள். முட்டை சாப்பிடுவீர்களானால் பப்பட்சூலே என்று ஒன்று இருக்கிறது: அவித்த முட்டையைச் சோளத் தோசைக்குள் சுருட்டி, பூசணி விதை அரைத்த குழம்பை மேலே ஊற்றுவார்கள். அதே விதையைச் சுட்ட தக்காளியோடு அரைத்தால் சிக்கில் பாக். நம் துவையலுக்குப் பங்காளி. அபனேரோ மிளகாயைத் தனியாகக் கிண்ணத்தில் வைப்பார்கள். நாங்கள் சாப்பிடாத காரமா என்று அள்ளிப் போட்டுக்கொண்ட என் கணவர் அன்று மாலை வரை யாரோடும் பேசவில்லை.

தூரதேசி

கான்குனை விட்டு வர மனமிருந்தால் மெரிடா நகரில் இரண்டு இரவு தங்கி, இன்னொரு பழைய மாயா நகரமான உஷ்மாலுக்குப் போங்கள் என்பேன். மெரிடாவிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். சூனியக்காரர் பிரமிடு என்று அழைக்கப்படுகிற கோபுரத்தின் அடித்தளம் சதுரமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும். சுவரெல்லாம் மழைக் கடவுள் சாக்கின் கொக்கி மூக்கு. அந்தப் பக்கம் செனோட்டே கிடையாது. மழைநீரைத் தொட்டிகளில் பிடித்து வாழ்ந்த ஊர். மழைக் கடவுளை ஏன் அத்தனை முறை செதுக்கினார்கள் என்று அங்கே யாரும் விளக்க வேண்டியதில்லை. கூட்டமும் கொஞ்சம்தான்.

மலைச்சாரல்

எல்லோருக்கும் நன்றி. உஷ்மாலுக்கு இந்த முறை நேரமில்லை. பஸ்ஸை விட்டுவிட்டு, முந்தைய நாள் மாலையே வயாதோலிட் போய் இரவு தங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அங்கிருந்து காலையில் முக்கால் மணி நேரம்தானே? வாசலில் வழிகாட்டியை அமர்த்திக்கொள்வோம். அப்பா இந்த இழையை முழுக்கப் படித்துவிட்டு, பாம்பு நிழல் இறங்குவதைப் பார்க்க முடியுமா என்று கேட்கிறார். மகளுக்கு ட்ரோன் பறக்கவிட ஆசை.

பழஞ்சுவடி

வயாதோலிட் நல்ல முடிவு. கிறிஸ்துமஸ் வாரத்தில் எட்டு மணி வரிசையே நீளமாக இருக்கும், ஏழரைக்கு நின்றுவிடுங்கள்.

பாம்பு நிழல் டிசம்பரில் கிடையாது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாகிற நாட்களையொட்டி, பிற்பகலில் வடக்குப் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் விழுகிற முக்கோண வெளிச்சங்கள் அவை. அப்பாவுக்குப் பதிலாக ஒரு கணக்கைக் கொடுங்கள். பக்கத்துக்கு 91 படி, நான்கு பக்கம், உச்சி மேடை ஒன்று: 365. அது முடிந்ததும் வட்டக் கோபுரமான கரகோலுக்கு அழைத்துப் போங்கள். அதன் சன்னல்கள் சில, வெள்ளிக் கோள் அடிவானத்தில் எட்டுகிற வடக்கு, தெற்கு எல்லைகளை நோக்கியவை என்று கருதுகிறார்கள். வெள்ளியின் சுற்றுக்கு மாயா கணக்கு 584 நாள். ஐந்து சுற்றும், 365 நாள் கொண்ட எட்டு ஆண்டும் மிகச் சரியாக 2,920 நாள். பெரும்பாலான குழுக்கள் அதுவரை நடப்பதில்லை, அதனால் உங்களுக்கு இடம் கிடைக்கும்.

தேர்முட்டி

ட்ரோனை ஓட்டலிலேயே விட்டுவிடுங்கள், உள்ளே அனுமதி கிடையாது. கேமரா முக்காலிக்கும் முன்அனுமதி வேண்டும். வீடியோ கேமராவுக்குத் தனிக் கட்டணம். கைப்பேசியில் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். படம் எடுப்பதைப் பற்றிச் சொல்ல ஒன்று இருக்கிறது: முழுதாகச் சீரமைத்தவை பிரமிடின் வடக்கும் மேற்கும். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்கு முகம் நாள் முழுக்க நிழலில் கிடக்கும், மேற்கில் பிற்பகலில்தான் வெயில் வரும். காலையில் வெளிச்சம் விழுவது சிதைந்தபடியே விட்டுவைத்த கிழக்கு, தெற்குப் பக்கங்களில். மகளை நிறுத்தி எடுப்பதென்றால் தென்கிழக்கு மூலைக்குப் போங்கள், அங்கே கூட்டமும் குறைவு.